டெட்ராவுக்குத் துணை

படப்பையில் நானும் இன்னொருவனும் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் சேர்த்துவிட்ட ஆள். எனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு இரவு. எனக்கு மாறும்போது அவனுக்கும் மாறிவிடும். அவன் முகத்தைவிட அவன் தலையணையின் எண்ணெய்க்கறைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அறையில் அசைகிற ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு சின்ன மீன்தொட்டி வாங்கினேன். ஒரு ஃபைட்டர், ஒரு கோல்டு ஃபிஷ், ஒரு நியான் டெட்ரா என்று கேட்டதும் கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா தம்பி, ஃபைட்டரு கூட இருக்கறதுங்கள கடிச்சி வெச்சிடும். கோல்டு பெருசா வளரும், இந்தத் தொட்டி பத்தாது. டெட்ராவே எடுத்துக்கினு போ. ஆனா கும்பலா வுடணும். ஒண்டியா வுட்டா பயந்துகினு மூலையிலயே நிக்கும், தீனி எடுக்காது."

எரிச்சலாக வந்தது. விரல் நீளம்கூட இல்லாத மீனுக்குத் துணை பார்த்துக் கொடுக்கிறார்கள். எங்களைக் கேட்க நாதியில்லை. இருந்தாலும் கும்பலாகவே வாங்கி வந்தேன்.

வேலை முடிந்து வந்ததும் தீனி போடுவேன். சீக்கிரமே தண்ணீர் கலங்கி நாறியது. சில மீன்கள் செத்து மிதந்தன. கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"தீனி ஜாஸ்தியா வுழுந்திருக்கும் தம்பி. ஒரு நாளைக்கு ஒரு தபா தான போட்ற?"

"ஒரு தடவதான்ணே போடுதேன்!"

"அப்ப வூட்ல வேற யாரோ போட்றாங்க."

வேறு யார்? அவன்தான். அவனும் வேலை முடிந்து வந்ததும் போட்டிருக்கிறான். சொல்லிவிடலாம் என்று அங்கேயே போனை எடுத்தேன். அவன் நம்பர் என்னிடம் இல்லை.