சீனியில் செய்த கசப்பும் செல்வமணியின் முகமும்

போன செவ்வாய்க்கிழமை என் நாக்கு தோற்றுப்போனது. அதுவும் தண்ணீரிடம்!

கண்டியில் எந்தக் கடையில் கொத்து ரொட்டிக்கு உப்பு கூட, எந்தக் கடையில் தேத்தண்ணிக்குச் சாயம் போதாது என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாரக்கணக்கில் தீர்ப்பு எழுதியவன் நான். உங்களில் சிலர் அதை நம்பிப் போய்ச் சாப்பிட்டும் இருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். குண்டசாலையில் எங்கள் வீட்டின் பின் அறையில் செல்வமணி என்று ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகளோடு தனியாக வாழ்கிறவள். வேலை பார்த்த கென்டீன் மூடிவிட்டார்கள். இனி வேறு வழியில்லை, குவைத்துக்கு வீட்டு வேலைக்குத்தான் என்று பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். மகளை யாரிடம் விடுவது? அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து உணவு ஆய்வுகூடத்தில் ருசி பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. நிரந்தர வேலை. படிப்பு முக்கியமில்லை... நாக்குதான் முக்கியம்.

"தனியா போக ஒரு மாதிரி இருக்கு. நீங்களும் வாங்கண்ணே" என்றாள்.

"வாறேன். என் நாக்கையும் அவங்க பாக்கட்டுமே" என்றேன். ஆணவம்!

ஆய்வுகூடத்தில் பர்வீன் மிஸ் என்ற அதிகாரி விளக்கினார். உதவிக்கு நிற்கிற பெண் ஏழு தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வருவாள். தட்டுக்கு மூன்று சின்னக் கோப்பைகள். பார்வைக்கு எல்லாம் தண்ணீர். ஆனால் ஒன்றில் மட்டும் கசப்பு கலந்திருக்கும். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும். வித்தியாசமான கோப்பையின் எண்ணைத் தாளில் வட்டமிட வேண்டும். வித்தியாசமே தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். தட்டுக்குத் தட்டு கசப்பு குறைந்துகொண்டே போகும்.

அந்தக் கசப்பின் பெயர் சுக்ரோஸ் ஒக்டாஅசிட்டேட். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? சீனியிலிருந்து! சீனியோடு வினாகிரியின் சொந்தக்காரச் சரக்கு ஒன்றைச் சேர்த்துச் செய்கிறார்களாம். இனிப்பு ஓடிப்போய்க் கசப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. நகம் கடிக்கிற பழக்கத்தை நிறுத்த விரலில் பூசுகிற மருந்திலும் இது உண்டு. துளி போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் யாருடைய நாக்கு எவ்வளவு கூர்மை என்று அளக்க இதை வைத்திருக்கிறார்கள்.

முதல் தட்டிலேயே என் முகம் பிழிந்த தேசிக்காய் போல் ஆனது. இரண்டாவதையும் கண்டுபிடித்தேன். மூன்றாவதிலிருந்து... எல்லாமே குழாய்த் தண்ணீர். சும்மா விடுவேனா? குத்துமதிப்பாக வட்டம் போட்டேன். ஏழாவது தட்டில் மட்டும் மிக உறுதியாக, இரட்டை வட்டம்!

ஓரக்கண்ணால் செல்வமணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. துப்பச் சொன்னதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பர்வீன் மிஸ் தாள்களைப் பார்த்தார். எனக்கு ஏழில் இரண்டு. செல்வமணியின் தாளில் ஒரு வட்டம்கூட இல்லை. அடியில் அழகான கையெழுத்தில் ஒரு வரி: 'எல்லாமே நல்லா இருந்தது. நன்றி.'

"மூணு கோப்பையும் ஒங்களுக்கு ஒரே மாதிரியாவா இருந்த?"

"நல்லா இருந்திச்சுங்க மிஸ்."

மிஸ் தாள்களைக் கோவைக்குள் வைத்து மூடினார். நாங்கள் வெளியே வந்தோம். கேட் வாசலில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒனக்குக் கசக்கவே இல்லையா?"

"கசக்காம? மொதத் தட்டுல நடுக் கோப்ப, வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்துன மாதிரி. கடைசிக்கு முந்துன தட்டுல எடது பக்கத்துக் கோப்பையிலயும் லேசா இருந்திச்சு."

"பின்ன ஏன் எழுதல?"

"என்னாண்ணே பேசுறீங்க! அந்தப் புள்ள தட்டுல வச்சு, ரெண்டு கையால கொண்டாந்து குடுக்குது. வாங்கிக் குடிச்சிட்டு கசக்குதுன்னு எழுதிக் குடுக்கவா? அவங்க மனசு என்னா பாடுபடும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்து லயத்து வீடுகளில் மாதக் கடைசியில் சீனி தீர்ந்த வீட்டுக்கும் விருந்தாளி வருவார். இனிப்பில்லாத வெறும் தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கொடுப்பார்கள். வந்தவர் கடைசிச் சொட்டுவரை குடித்து, 'நல்லா இருக்கு' என்று கோப்பையை வைக்க வேண்டும். முகம் சுளித்தால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. நாற்பது வருடப் பழக்கம் ஒரு ஆய்வுகூடக் கதவைத் தாண்டியதும் போய்விடுமா?

திரும்பி ஓடினேன். பர்வீன் மிஸ்ஸிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளிய போய்ச் சொன்னத நான் எடுக்க ஏலா. வேணுமெண்டா எண்ணெல்லாம் மாத்திப் புதுசா வைக்கிறன்" என்றவர், என் பின்னாலேயே வந்து நின்ற செல்வமணியிடம் திரும்பினார். "இது விருந்தில்ல தங்கச்சி. கசப்ப நாங்கதான் போட்ட. நீங்க கண்டுபுடிச்சா எங்களுக்குத்தான் சந்தோஷம்."

"அப்ப... மொகம் சுளிக்கலாமா மிஸ்?"

"நல்லாச் சுளிங்க!"

சுளித்தாள் ஐயா! முதல் தட்டில் அவள் சுளித்த சுளிப்பில் நாற்பது வருடத்துச் சாயம் முழுக்க வெளியே வந்தது. இரண்டு சரி. மூன்று சரி. நான்கும் ஐந்தும் சரி. ஆறாவதில் வாயைக் கொப்பளித்தாள், கண்ணை மூடினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். வலது ஓரக் கோப்பையைத் தொட்டாள். சரி! மிஸ்ஸின் புருவம் ஏறியது.

ஏழாவது தட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல மிஸ். மூணும் வெறுந்தண்ணி."

நான் அவள் தாளை எட்டிப் பார்த்தேன். பழையபடி மரியாதை ஆரம்பித்துவிட்டதோ?

அவளே சொன்னாள்: "மனசு நோகக்கூடாதுன்னு சொல்லல மிஸ். மெய்யாத்தான்."

பர்வீன் மிஸ் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். ஏழாவது வரியில் கசப்பே இல்லை. ருசி தெரியாமல் ஊகிக்கிறவர்களைப் பிடிக்க வைத்த தட்டு அது. "மொதல்ல வச்ச ஏழாவதும் இதேதான் சேர்" என்று என்னைப் பார்த்தார். என் இரட்டை வட்டம் ஞாபகத்துக்கு வந்தது... ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க" என்றார் செல்வமணியிடம்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் அழுதாள், சிரித்தாள், வாய் இன்னும் கசக்கிறது என்றாள். பாஸ்போர்ட் இப்போது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் தூங்குகிறது. மகளை யாரிடம் விடுவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டது.

யோசித்துப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில், நண்பர் வீட்டில், எத்தனை கசப்பை 'சூப்பர்' என்று விழுங்கியிருக்கிறோம்! நாக்கு மழுங்கியதால் அல்ல, எதிரில் இருக்கிற மனிதரை நினைத்து. இருந்தாலும் உண்மையைக் கேட்கிற இடத்தில் உண்மையைச் சொல்வதும் ஒரு மரியாதைதானே?

நேற்று என் மனைவி செல்வமணிக்குப் பருப்புக் கறி கொடுத்தாள். இரண்டு வருடமாக 'நல்லா இருக்கு' என்றே சொன்னவள், ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உப்பு கூட."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க, கூடவா?"

'நல்லா இருக்கு' என்றேன். எனக்குத்தான் அந்த வேலை கிடைக்கவில்லையே!