கல்லறைமேல் கோரை

என் மனைவி சாவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசி இரண்டு வருஷம் மூச்சிரைப்பு அவளைப் படுக்கவிடவில்லை. திருவொற்றியூர்க் கம்பெனிப் புகையா, வேறு ஏதாவதா, டாக்டர் தெளிவாகச் சொல்லவில்லை. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் சொன்னாள்: "மேல சிமிட்டி கிமிட்டி போட்டு மூடிடாதய்யா. இப்பவே மூச்சு வுட முடியல. மண்ணாவே வுட்டுடு. ரெண்டு கனகாம்பரம் வை, போதும்." செத்த பிறகு எதற்கடி மூச்சு என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைத்த இடம் வெறும் சாம்பல் மணல். அதில் கனகாம்பரம் வராது என்று, எல்லாம் தெரிந்தவன் போல, நர்சரியில் நாலு மூட்டை செம்மண் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டினேன். சுற்றிலும் செங்கல் பதித்துப் பாத்தி கட்டினேன். செடி பிடித்தது. கூடவே கோரையும் வந்தது. அந்த மண்ணிலேயே கிழங்கு இருந்திருக்கிறது. நானே வாங்கி வந்து அவள் தலைமாட்டில் போட்டிருக்கிறேன்.

கோரையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பிடுங்கினால், அடுத்த ஞாயிறு அதே உயரத்துக்கு நிற்கும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக் கண்டபடி கொத்தித் தள்ளினேன். குழி வெட்டுகிறவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த வெட்டாத நைனா. வெட்டுனா ஒண்ணு பத்தாயிடும். கெழங்க ஒண்ணொண்ணா நோண்டி எடுக்கணும்" என்றார். அதை மனிதர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து பழைய கரண்டியால் தோண்டினேன். சுண்டைக்காய் அளவில் கறுப்புக் கிழங்குகள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நூல் போல வேர். கனகாம்பரத்தின் வேருக்குள்ளும் நுழைந்திருந்தன. கிழங்கை இழுத்ததில் செடி ஆட்டம்கண்டு ஒன்று பட்டுப்போனது, பிறகு மற்றதும். மிஞ்சியது கோரை மட்டும். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்கள் பக்கமும் பரவுகிறது என்று முகம் சுளித்தார்கள். என் முழங்காலும் உட்கார விடவில்லை. சிமெண்டு போட்டுவிடலாம் என்று மகன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் தலையாட்டிவிட்டேன்.

கொத்தனார் காலையில் வந்து மத்தியானத்துக்குள் பூசி முடித்தார். "இப்ப நீட்டா கீதுப்பா" என்றான் மகன். நீட்டாகத்தான் இருந்தது. திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அவள் நெஞ்சின்மேல் நானே ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

மழைக்காலம் முடிந்து போனபோது சிமெண்டுக்கு நடுவில் ஒரு பச்சை ஊசி நின்றது. கோரை. பழக்கதோஷம், யோசிப்பதற்குள் குனிந்து பிடுங்கிவிட்டேன். பிடுங்கின இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. மகனிடம் சொன்னால் அன்றைக்கே சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்து அடைத்துவிடுவான். சொல்லவில்லை. வாராவாரம் பூசை முடிந்து போய், அது தூர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.