சர்வர் இரண்டு, பெட்டி ஒன்று

போன வாரம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். ஸ்கூல் டீச்சர். அவள் கணவர் ஆரோக்கியராஜுக்குச் சிறுநீரகத்தில் ஒரு கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். ஸ்கேன் படத்தைப் பார்க்க சர்ஜன் உட்கார்ந்திருக்கிறார் – படம் வரவில்லை.

"அக்கா, லிங்க் ஓப்பன் ஆகமாட்டேங்குது. நீங்க கம்ப்யூட்டர் லைன்லதானே இருந்தீங்க... கொஞ்சம் வர முடியுமா?"

இருந்தேன். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் எனக்குப் பல வருடம் வேலை.

முன்பெல்லாம் ஸ்கேன் எடுத்தால் பெரிய கவரில் ஃபிலிம் போட்டுத் தருவார்கள். எங்கள் பக்கத்து ஸ்கேன் சென்டர் முன்னேறிவிட்டது. ஃபிலிமும் கிடையாது, சிடியும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க். அதைத் தொட்டால்... ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மறுபடி ஸ்கேன் எடுத்தால் என்ன? எடுக்கலாம். ஆனால் அதற்கு மருந்து ஊசி போட வேண்டும். ஆரோக்கியராஜுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம். இவ்வளவு சீக்கிரம் இன்னொரு ஊசி வேண்டாம் என்றார் சர்ஜன். படம் இல்லாமல் கத்தி வைக்கவும் அவர் தயாரில்லை. கட்டியை மட்டும் எடுப்பதா, சிறுநீரகத்தையே எடுப்பதா என்று படத்தைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?

ஸ்டெல்லாவும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஸ்கேன் சென்டருக்குப் போனோம். மேனேஜர் மஞ்சுநாத் மரியாதையாக உட்காரச் சொன்னார். படங்களை வைத்திருப்பது வேறொரு கம்பெனியாம்.

"நம்மகிட்ட மிஷினே இல்ல மேடம். எல்லாம் வர்ச்சுவல். ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க, வந்துடும்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். குரலில் என்ன பெருமை!

வர்ச்சுவல் என்பது வேறொன்றுமில்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரால் தடுப்பு போட்டு, அதை இருபது கம்ப்யூட்டர்போல நடக்க வைப்பது. நல்ல விஷயம்தான். இப்போது சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் என்று மொத்த டேட்டா சென்டரையும் சாஃப்ட்வேரே ஆட்டிவைக்கிறது. அதையும் நான் குறை சொல்லவில்லை. என் எரிச்சல் எல்லாம் அதை விற்கிறவர்கள்மீதும் வாங்குகிறவர்கள்மீதும்தான். இரும்பும் இல்லை, ஒயரும் இல்லை, எல்லாம் காற்றில் மிதக்கிறது என்று சொல்லிச் சொல்லியே நம்பிவிட்டார்களே!

மஞ்சுநாத் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவர் மனப்பாடமாக ஒப்பித்தார். அவர்களுடையது சாஃப்ட்வேர் டிஃபைன்டு டேட்டா சென்டர். உங்கள் படங்களுக்கு இரண்டு சர்வர். ஒன்று விழுந்தால் இன்னொன்று தானே எழும்.

"அந்த ரெண்டும் எந்தப் பெட்டில இருக்கு?" என்று கேட்டேன்.

நான் கேட்டது நிஜமான இரும்புக் கம்ப்யூட்டரை. "ஃபிசிக்கலா கேக்கறீங்களா மேடம்?"

வேறு எப்படிக் கேட்பது? ஹோல்டில் போட்டார். புல்லாங்குழல் ஒலித்தது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ரெண்டும் ஒரே பெட்டிலதான் இருக்கு மேடம். அது பவர் ஆன் ஆகல."

இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வை என்று செட்டிங்கில் ஒரு டிக் போட வேண்டும். யாரும் போடவில்லை. சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று மனிதர்கள் விட்டுவிட்டார்கள். மனிதர்கள் சொல்லவில்லையே என்று சாஃப்ட்வேரும் விட்டுவிட்டது. சரி, வேறு பெட்டிக்கு மாற்றுங்கள் என்றால், எதிலும் இடமில்லையாம். சிவாஜிநகர் பஸ்ஸில் ஆள் ஏற்றுவதுபோல எல்லாப் பெட்டியிலும் கஸ்டமர்களை அடைத்திருக்கிறார்கள்.

புகாரைப் பதிந்து டிக்கெட் போட்டிருக்கிறோம், சிஸ்டமே முன்னுரிமை கொடுக்கும் என்றார். ஸ்டெல்லா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தம்பி, நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். எவ்வளவு வெட்டணும்னு பாக்கத்தான் அந்தப் படம். யாராவது ஒருத்தர் எழுந்து அந்தப் பெட்டிகிட்ட போங்க."

அந்தப் பக்கம் இருந்தவர் மனப்பாடத்தை விட்டார். சரிங்க, நானே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் ஆபரேஷன் நடக்கவில்லை. வெறும் வயிற்றோடு காத்திருந்த ஆரோக்கியராஜை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அன்று பூராவும் ஸ்டெல்லா ஜெபமாலையை ஒரு கையிலும் அந்த லிங்க்கை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வட்டம் நின்றது. படம் வந்தது. நடந்தது என்ன என்று மஞ்சுநாத்தே சொன்னார் – ஒருவர் போய் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைத் திறந்து, கருகிப்போன பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினாராம்.

அதற்கடுத்த நாள் ஆபரேஷன். கட்டியும் சுற்றி ஒரு துண்டும் மட்டும் போயின, சிறுநீரகம் தப்பியது. ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, என்னத்தை மறைக்க?

இரண்டு நாள் கழித்து வார்டில் பார்க்கப் போனேன். ஸ்டெல்லாவின் போனுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம், எங்கள் அதிநவீன சிஸ்டம் தன்னைத்தானே குணப்படுத்திக்கொண்டது என்று எழுதியிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்சுகூட இல்லை.

ஸ்டெல்லா சத்தமாகப் படித்துக் காட்டினாள். விலாவில் ட்யூப் செருகிய நிலையில் படுத்திருந்த ஆரோக்கியராஜ் மெதுவாகக் கேட்டார்:

"தானா குணமாயிடுச்சாமா? அப்ப எனக்கு மட்டும் எதுக்கு இத்தனை தையல்?"