ரேகையில் நிறைந்த பஸ்பம்

1. பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் மருந்துச் சோதனைக் கூடத்துக்கு இரும்புப் பஸ்பம் வந்தது.
2. பழைய நூல்களின் முறைப்படி அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தேன். ரேகைகளுக்குள் நிறைந்தால் வேண்டிய அளவுக்கு நுண்மையானது என்று பொருள்.
3. நிறைந்தது. துகள் அளக்கும் கருவியும் அதையே சொன்னது.
4. சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவினேன். மாலையில் வருகைப் பதிவு இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை.

அதில் பதிவாகியிருப்பவை அந்த இரண்டு விரல்கள்தான். மறுநாள் வருகைப் பதிவைக் கவனிக்கும் அதிகாரியிடம் போனேன்.

“நேத்து நீங்க ஆப்சென்ட், மேடம்.”

“காலைல பஞ்ச் பண்ணேனே சார். மத்தியானம் கேன்டீன்ல என் வடையை நீங்கதானே சாப்பிட்டீங்க?”

“வடை சிஸ்டம்ல வராதும்மா. உள்ள வந்தது இருக்கு, வெளிய போனது இல்ல. போனாத்தான் வந்த மாதிரி.”

“அப்போ இன்னும் உள்ளயே இருக்கேனா?”

“அதுவும் இல்ல. ஆப்சென்ட்.”

முந்தைய நாள் எழுதிய பஸ்பச் சோதனை அறிக்கைதான் நான் தனியாகக் கையெழுத்திட்ட முதல் அறிக்கை. அன்று வராதவரின் கையெழுத்து செல்லாது என்று தரப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது.

பஸ்பம் தேறிவிட்டது. அறிக்கை என் மேசையில் இருக்கிறது. என் இடது சுண்டுவிரலைப் புதிதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த விரலால் எதையும் தேய்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.