தேதிக் கட்டம்

மணிக் கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு திமிர். ஒன்பதேகாலிலிருந்து பன்னிரண்டு வரை எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று அலைவேன். அத்தை கல்யாணத்துக்கு அப்பா ஓசூரிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் இரவல் வாங்கி வந்தார். அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா?

அத்தை, அப்பாவின் தங்கை. இரண்டு முறை நிச்சயமாகி, இரண்டு முறையும் சாவு விழுந்து நின்றுபோனது. மூன்றாவதாக ஆனேக்கல் பக்கத்திலிருந்து பாதிக் கன்னடம் பேசும் மாப்பிள்ளை வந்தார். இதுவும் நின்றால் அவள் கதை அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு, விழாதவரை ஒன்றுமில்லை.

அந்த இரண்டு நாளும் இப்போது தைமாதப் பனிக்குள் நடந்தவை போலத் தெரிகின்றன. பந்தலில் மாவிலை, களத்திலிருந்து வரும் ராகித் தாள் வாசனை, எங்கிருந்தோ மிதந்து வரும் அம்மாவின் நலங்குப் பாட்டு. அம்மா அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் நாள் காலையில் தாலி ஏறியது. அன்றே பகல் பன்னிரண்டுக்கு அத்தையை ஏற்றிக்கொண்டு வண்டி எல்லை தாண்டக் கிளம்பியது. அது கண்ணுக்கு மறைந்ததும் அம்மா பந்தலிலேயே உட்கார்ந்து தலையை அவிழ்த்துப் போட்டு, "எங்கப்பா போயிட்டாரே!" என்று அலறினாள். மடியிலிருந்து கசங்கிய தந்தி விழுந்தது.

சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "நேத்து அஞ்சு மணிக்கு எடுக்கிறோம்னு தந்தி அடிச்சேனே! பெத்தவன் மொகத்தைப் பாக்க வராத நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

எனக்குப் பொறுக்கவில்லை. தந்தியை எடுத்து விரித்தேன். தேதிக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம். எனக்கு மணிதானே முக்கியம்! "மாமா, பதினோரு மணிக்குத்தான் வந்திருக்கு. அம்மா பன்னண்டுக்கு அழுதாங்க. ஒரு மணி நேரம்தான்!"

எழுதப் படிக்கத் தெரியாத மாமா தபால்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கினாள். கணக்குக்குக் கிடைத்த பாராட்டு என்று பூரித்துப் போனேன், மடச்சி!

அம்மா காலமான பிறகு அவள் பெட்டியின் அடியில் அதே காகிதம் கிடைத்தது. அன்றுதான் தேதிக் கட்டத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள். ஒரு மணி நேரமல்ல, இருபத்தைந்து.

அந்த முந்தின நாள் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "மணி என்னாச்சு, பாத்துட்டு வா கண்ணு." நான் ஒவ்வொரு தடவையும் துள்ளி ஓடிப்போய்ப் பார்த்துச் சொன்னேன். ஐந்து என்றதும் அவள் பாட்டை நிறுத்தினாள். கொல்லைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து, அத்தைக்கு மருதாணி வைத்தாள்.