நானே மூடிய குழி

போன தை மாதம். பரமத்தி வேலூர் பக்கம், காவிரியை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், எங்கள் நடைப்பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். நான் வருவாய்த் துறையில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே முகாமுக்குச் சுற்றறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது ஒரு மரியாதைக்கு; நானே எடுத்துக்கொண்டேன்.

நான்கு பக்கச் சுற்றறிக்கையில் ஒன்றரைப் பக்கம் பல் பராமரிப்பு. வெளியிடத்தில் தங்கப் போகிறவர்கள் முதலில் கைவிடுவது பல்லைத்தான். சாப்பிட்டதும் அப்படியே படுப்பார்கள். காலையில் ஆற்றில் இறங்கி நுரையைத் துப்புவார்கள். எனவே இரண்டு வேளையும் துலக்குதல் கட்டாயம். கொப்பளிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர். பிரஷ்ஷைக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள். துப்புவதற்கு ஆற்றிலிருந்து எழுபது தப்படி தள்ளி, முழங்கையளவு ஆழத்தில் ஒரு குழி. கடைசி ஆள் துலக்கியதும் மண்ணைப் போட்டு மூடி, நன்றாக மிதித்துவிட வேண்டும். அந்தக் கடைசி ஆள் நான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கழற்றி மாட்டும் பல்செட். மனைவியையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ‘பற்களைப் பேணுதல்’ என்ற தலைப்பில் நான் அரை மணி நேரம் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தேன். நிகழ்ச்சி நிரலைத் தயாரித்ததும் நான்தான்.

குழுவில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு பாதி இந்தியாவில் போர் போட்டவர். “ஏனுங்க சார், ராஜஸ்தான்ல வண்டிக்கடியில படுத்தெந்திரிச்சு, செங்கத்தூள்ல பல்லு வெளக்குனவன் நானு. எனக்கெதுக்குங்க இத்தனை ரூல்சு?” என்றார். செங்கல் தூள் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும் என்று எழுத்து மூலம் பதில் கொடுத்தேன். அவர் அதை மடித்து, அதன் முனையால் பல் குத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை. எல்லோரும் துலக்கிவிட்டுப் போனார்கள். என் முன்னால் இரண்டு டம்ளர்கள். ஒன்று கொப்பளிக்க, மற்றதில் பல்செட் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ கூடாரத்திலிருந்து, இட்லி ஆறுகிறது, வருகிறீர்களா இல்லையா என்று கத்தினார். பல் இல்லாத வாயால் பதில் சொல்ல முடியுமா? ஒரு கையால் ஜாடை காட்டியபடியே, இரண்டு டம்ளர்களையும் குழியில் கவிழ்த்தேன். மண்ணைப் போட்டேன். நடைமுறைப்படி நன்றாக மிதித்தேன்.

டம்ளர்களைக் கழுவும்போதுதான் உறைத்தது. மணி எட்டரை.

மண்வெட்டியோடு திரும்பி ஓடினேன். வெட்டினால் பல் உடையும், வெட்டாவிட்டால் கிடைக்காது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனிடம் ரிக்காரர் வந்து சேர்ந்தார்.

“மூடுன குழியத் தொறக்கறதுக்கு சர்க்குலர்ல எடமிருக்குங்களா சார்?”

நான் கையை எடுக்கவில்லை. அவர் வாயைப் பொத்திய என் கையையும் மூடிய குழியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியை வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“எத்தனை அடிங்க?”

முழங்கையைக் காட்டினேன். ஒரு கொட்டாங்குச்சியால் பதமாகச் சுரண்ட ஆரம்பித்தார். எட்டுப் பேர் துப்பிய சேறு. போர் போடும்போது மேலே வரும் தூளை விரலால் தேய்த்துப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொரு பிடியையும் முகம் சுளிக்காமல் தேய்த்துப் பார்த்தார்.

இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“என்னய்யா பண்ற?”

“தண்ணி இருக்குதான்னு பாக்கறனுங்க.”

“ஆத்தங்கரையிலயா? ரிக்க வித்தும் புத்தி போகல பாரு! சார் ஏன் வாயப் பொத்திட்டு நிக்கறாரு?”

“அவரு குழிய நோண்டறனேன்னு கோவமுங்க. வாயத் தொறந்தா வஞ்சு போடுவாரு.”

அதை அவர்கள் உடனே நம்பியதுதான் எனக்கு வலித்தது. ரிக்காரரைக் கிண்டல் செய்துகொண்டே போனார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

சற்று நேரத்தில் அவர் கை நின்றது. எடுத்ததைக் கொட்டாங்குச்சியில் போட்டு, தோள் துண்டால் மூடி, என்னைப் பார்க்காமலே நீட்டினார். “கழுவிட்டு வாங்க சார். பத்து மணிக்கு மீட்டிங்கு.”

வெந்நீரில் போட்டால் பல்செட் வளைந்துவிடும். ஆறிய தண்ணீரில் சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். நான்காவது முறையும் கழுவினேன். அது விதியில் இல்லை.

பத்து மணிக்குப் பேசினேன். அரை மணி பத்து நிமிடமாகச் சுருங்கியது. முடிவில் ஒருவர் கூச்சத்தோடு, பல்செட் போட்டவர்கள் முகாமில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இறுக்கமான மூடியுள்ள தனி டப்பா, அதுவும் பளிச்சென்ற நிறத்தில். டம்ளரில் ஒருபோதும் போடக் கூடாது என்றேன், ஏதோ புத்தகத்தில் படித்ததுபோல. முன்வரிசையில் ரிக்காரர், முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்போல, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் அவரோடுதான் நடக்கிறேன். என் ஷூவை, என் குடையை, என் சுற்றறிக்கைகளை எல்லாம் கிண்டல் செய்கிறார். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு சொல், ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை. பணிக்காலத்தில் எத்தனையோ பேருடைய சங்கடங்கள் என் மேசைக்கு வந்தன, அவற்றையெல்லாம் குறிப்பெழுதி அடுத்த மேசைக்கு அனுப்பினேன். வந்ததைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளவும் ஒரு மனிதனால் முடியும் என்று அந்தச் சேற்றுக் குழியின் ஓரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.