மகளின் விலாவில் என் இடது கை

என் மகள் என் மூக்கில் குத்தியபோது முதலில் வலிக்கவில்லை. 'நிஜமாகவே குத்திவிட்டாளே' என்றுதான் தோன்றியது.

அவளுக்குப் பதினேழு வயது. ஐந்தடி ஒன்பது அங்குலம், அவள் அப்பா வீட்டு உயரம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிபவள். எனக்கு நாற்பத்து நான்கு, ஐந்தடிதான். கல்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. நாள் முழுக்க நாற்காலி. சுகர் எல்லையில் நிற்கிறது, உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "என்கூட பாக்ஸிங் கிளாசுக்கு வாம்மா" என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

மாமல்லபுரம் போகிற சாலையில், வண்டி மெக்கானிக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சொல்லிக்கொடுக்கிற கோச் பக்கத்துக் குப்பத்துப் பெண், மீன் வியாபாரக் குடும்பம். முப்பது வயது இருக்காது. என்னைவிட ஒரு விரல்தான் உயரம். நான்கு மாதம் கயிறு தாண்டினேன், தொங்குகிற பையைக் குத்தினேன். பை திருப்பிக் குத்தாது. அந்த ஞாயிறு காலை, என்னோடு வழக்கமாக ஜோடி சேர்கிற பெண் வரவில்லை.

"பாப்பாகூட ரெண்டு ரவுண்டு போடுங்கக்கா," என்றாள் கோச். "சும்மா தொட்டுத் தொட்டுதான்."

நான் அதை நம்பினேன். மகளின் இடது கை நீண்டு வருவது தெரிந்தது. அது என் முகத்துக்கு வருகிறது என்பதை மட்டும் என் மூளை ஏற்கவில்லை. பட்டதும் கண்ணில் நீர் முட்டியது. கடைசியாக என்னை அடித்தவர் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.

"சாரிம்மா," என்றாள் பல்காப்புக்கு நடுவே குழறி. சொல்லிவிட்டு மறுபடி குத்தினாள்.

நான் நேராகப் பின்னால் போனேன். என் இரண்டு எட்டு அவளுக்கு ஒரு எட்டு. முதுகு, களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் இடித்தது. மணி அடிப்பதற்குள் மூக்கில் மூன்று, நெற்றியில் ஒன்று. என் கை அவள் மேல் ஒரு தடவைகூடப் படவில்லை.

கோச் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இன்னாக்கா, கண்ண மூடிக்கினு நிக்கிறீங்க? அடி எங்கருந்து வருதுன்னு எப்டித் தெரியும்?"

"அவ கை எட்டுது. என் கை எட்டல."

"எட்டாதுக்கா. ஒண்ணு, அவ கைக்கு எட்டாத தூரத்துல நில்லுங்க. இல்லன்னா ஒரேடியா ஒட்டிக்கினு நில்லுங்க. நடுவுல நின்னா அடிதான். நேரா பின்னால போகாதீங்க, பக்கவாட்டுல போங்க. அவ வலது கை போடறப்போ அந்தப் பக்கம் விலா தொறந்து கீது. குனிஞ்சு உள்ள போயிடுங்க. மூஞ்சியத் தேடாதீங்க. உங்களுக்கு எட்டற எடம் அதான்."

இவ்வளவும் மகள் காதில் விழத்தான் சொன்னாள். மகள் சிரித்தாள். அம்மாவாவது குனிந்து உள்ளே வருவதாவது என்கிற சிரிப்பு.

இரண்டாவது ரவுண்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் நகர்ந்தபோது அவள் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு குத்து காற்றில் போனது. அவளுக்கு எரிச்சல் வந்தது. அது எப்படி வரும் என்று பதினேழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். வலது கையைப் பெரிதாக வீசினாள். குனிந்தேன். கை தலைக்கு மேலே போயிற்று. என் முகம் அவள் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது கையைக் கீழிருந்து அவள் விலாவுக்குள் விட்டேன்.

ஒரு விநாடி ஒன்றும் ஆகவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முழங்கால் மடிந்து, அத்தனை உயரமும் அப்படியே கீழே உட்கார்ந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை.

"அம்மா," என்றாள் கடைசியில். என்னைக் கூப்பிட்டாளா, வலித்தால் எல்லோரும் சொல்வதைச் சொன்னாளா, தெரியவில்லை.

குழந்தையாக இருந்தபோதுகூட அவளை நான் அடித்ததில்லை. சொந்தக்காரர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வேன். கிளவுஸைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டே அவள் பக்கம் குனிந்தேன். "தள்ளி நில்லுங்கக்கா, மூச்சு வந்துடும்," என்று கோச் அவளைக் குனியவைத்து முதுகைத் தடவினாள். ஒரு நிமிஷத்தில் மூச்சு வந்தது.

அவள் சரிந்ததைவிட என்னை உலுக்கியது வேறு. அவள் விழுந்தபோது, பயம் வருவதற்கு முன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பட்டுவிட்டது என்ற சந்தோஷம். அது என்னிடம் எங்கே இருந்தது என்று இன்னும் தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரை இளநீர்க் கடையில் நிறுத்தினேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீ விழுந்தப்போ ஒரு செகண்ட் எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி."

அவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். "உன் மூக்குல பட்டப்போ எனக்கும்தான். அதான் சாரி சொன்னேன்."

கடைக்காரரிடம் வழுக்கையை வெட்டித் தரச் சொல்லி இருவரும் தின்றோம்.

மறுநாள் என் மூக்கு வீங்கிக் கண்ணடியில் நீலம் பாய்ந்திருந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரம்மா என்னை ஆவண அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "யாரு அடிச்சது? எங்கிட்ட சொல்லு."

"என் பொண்ணுதான்."

அவள் முகம் வெளுத்தது. "பொண்ணா?"

"நானும் திருப்பி அடிச்சேன்," என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கிளாஸ், கோச் என்று எல்லாம் விளக்கியும் நம்பவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த கணவரை அவள் முறைத்த முறைப்பில், "இவங்களுக்கு நான் என்ன பண்ணேன்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு மகளே என்னை ஜோடிக்குக் கேட்டாள். இப்போது வாரம் ஒரு தடவை நிற்கிறோம். வலது கையை வீசும்போது மற்ற முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்கிறாள். வீசிய கையும் உடனே திரும்பி அந்தப் பக்க விலாவை மூடிவிடுகிறது. அந்த அடி அவள் மேல் இன்னொரு தடவை விழவில்லை. நானும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.